தையல் மிஷினை முதலில் மாடிக்கு ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு 55 வயது. திருச்சியில் வங்கி அதிகாரி. பள்ளியில் ஓவியத்துக்குப் பரிசுகள் வாங்கியவன். வீட்டுச் சூழ்நிலையால் ஓவியக் கல்லூரிக்குப் போக முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்து அக்ரிலிக்கில் கோபுரங்கள், காவிரிப் படித்துறை என்று வரைகிறேன். உறவினர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர ஓவியராக ஆசை. பிரான்ஸின் பால் கோகன்கூட பங்குச் சந்தை வேலையை விட்டுத்தானே ஓவியரானார்? மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பாள். பெரிய வருமானமில்லை, மகனின் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு ஆகும். மாடி அறையில் வெளிச்சம் நன்றாக இருப்பதால் அவள் தையல் மிஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு அதை ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் தொழில்முறை ஓவியராக முடியுமா? யாரிடம் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: முடியும். இதே கேள்வி எனக்குப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது, வயதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரிஸில் சுங்க வசூல் வேலை பார்த்த ஆன்றி ரூசோ 1893-ல், 49 வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரம் வரைய வந்தார். அமெரிக்காவில் பண்ணைக் குடும்பத்துப் பாட்டி, கிராண்ட்மா மோசஸ் என்று அழைக்கப்பட்டவர், 1940-ல் நியூயார்க்கில் முதல் தனிக் கண்காட்சி வைத்தபோது அவருக்கு 80 வயது. நம் மத்தியப் பிரதேசத்தில் ஜோதையா பாய் பைகா எழுபதை ஒட்டிய வயதில் தூரிகையை எடுத்து 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வயது விஷயம் இத்துடன் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தத் தையல் மிஷின்.

மாடி அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அந்த வெளிச்சத்துக்காகத்தான் உங்கள் மனைவியும் மிஷினை அங்கே போட்டிருப்பார். கறுப்பு பிளவுஸில் கறுப்பு நூலால் ஹெம்மிங் செய்வதை என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பகல் வெளிச்சம் இல்லாமல் அது நடக்காது, ஐம்பதை ஒட்டிய கண்ணுக்கு நடக்கவே நடக்காது. அப்புறம், பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் பெண்கள். அளவு எடுக்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லாமல் இதெல்லாம் எப்படி? கூடத்தில், டிவிக்கு எதிரே, நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் நின்று அளவு கொடுப்பாள்? மிஷின் கீழே வந்த பிறகு எத்தனை பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவரைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தி, ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள், ஏனென்றால் அறை வேண்டியிருந்தது. ஒரு மனுஷியின் பிழைப்பை அவரைக் கேட்காமல் மாடியிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் படம் வரையும் ஸ்டாண்டை நிறுத்தியிருக்கிறீர்கள். இது தப்பு.

பெரிய வருமானமில்லை என்று வேறு சொல்கிறீர்கள். மாதாமாதம் உங்கள் பிள்ளைக்குச் சோறு போடும் பணம் அது. இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு படமாவது விற்றதாக நீங்கள் எழுதவில்லை. தொழில்முறையாக வாழ்வது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்களே, அப்படி வாழும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் தருகிறேன் என்றால் தருகிறார். அளவு தப்பினால் பிரித்து மறுபடி தைக்கிறார், அதற்குக் கூலி கேட்பதில்லை. மனசு சரியில்லை என்று மிஷினை மூடி வைப்பதில்லை. தைத்த துணிக்குக் காசு கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை. படம் வரைந்து பிழைப்பவர்களும் இப்படித்தான் நாளை ஓட்டுகிறார்கள். யாரிடம் கற்றுக்கொள்வது என்று தேடுகிற நீங்கள் இதில் பாதியை அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

கோகன் கதைக்கு வருவோம். அதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1882-ல் பாரிஸ் பங்குச் சந்தை சரிந்தது, அடுத்த வருஷம் அவர் முழுநேர ஓவியரானார். ஐந்து பிள்ளைகள். கையிருப்பு கரைந்ததும் குடும்பம் மனைவி மெட்டேயின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போனது. அங்கே மெட்டே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் வீட்டை நடத்தினார். கோகன் 1885-ல் பாரிஸுக்குத் திரும்பி, பின்னால் பசிபிக் கடலில் இருக்கும் தாஹிட்டி தீவுக்குப் போய், 1903-ல் அதே கடலின் மார்க்கசாஸ் தீவுகளில் இறந்தார். அவர் படங்கள் மகத்தானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை ஆளாக்கியது மெட்டே. கலைக்காகப் பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிடலாம் என்பதை நான் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. படம் எவ்வளவு பெரியதானாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். உங்கள் மனைவியை இன்னொரு மெட்டே ஆக்காதீர்கள்.

முன்னோடி ஒருவர் வேண்டுமென்றால் நம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். தந்தை இறந்தபின் படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்துக்காகத் தந்தித் துறையிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்தார். 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. பிற்பாடு அதே இடத்துக்கு முதல்வரானார். 1966-ல் அவர் தலைமையில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கே வந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில்தான் தங்கள் படங்களை வரைந்தார்கள். ரூசோவும் அப்படித்தான், சுங்க வேலையில் இருந்தபடியே 1886-லிருந்து கண்காட்சிகளில் படம் வைத்து வந்தார், ஓய்வுக்குப் பின் பென்ஷன் போதாமல் வயலின் சொல்லிக்கொடுத்தார். இவர்கள் யாரும் வீட்டு உலையை அணைத்துவிட்டு வரைய உட்காரவில்லை.

சரி, இனிமேல் செய்ய வேண்டியது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் போடுங்கள். ஆளை வைத்துச் செய்யாதீர்கள். வரைவதற்கு மொட்டைமாடியில் ஒரு கூரை போட்டுக்கொள்ளலாம். திருச்சி வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், அதனால் காலை ஆறிலிருந்து எட்டு வரை வேலை செய்யுங்கள், தண்ணீர் ஸ்பிரே பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிறு மட்டும் வரைகிறவரை யாரும் ஓவியர் என்று சொல்ல மாட்டார்கள், தினமும் வேண்டும்.

திருச்சியில் இருந்துகொண்டு காவிரிப் படித்துறையை யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைவது எனக்குப் புரியவே இல்லை. அம்மா மண்டபம் படித்துறைக்கு நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்காருங்கள். அடுத்தவர் எடுத்த புகைப்படத்தை அப்படியே வரைந்து விற்றால் அவர் உரிமை கேட்டு வரலாம், அது தனிச் சிக்கல்.

கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, ஒரே நாளில் போய் வரலாம். அங்கே பாடம் நடத்தும் ஒருவரிடம் நேரம் கேட்டுப் பத்துப் படங்களைக் காட்டுங்கள். உறவினர்களின் பாராட்டை அதோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்குவதுதான் கணக்கு. காசு வாங்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் வண்ணம் நிற்க வேண்டும். மாணவர்களுக்கென்று விற்கும் மலிவு டியூப்களில் சில சீக்கிரம் வெளுத்துவிடும், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பவே கூடாது. ஒவ்வொரு வண்ணத்தையும் ஓர் அட்டையில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஜன்னல் வெயிலில் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். மங்கியதைத் தூக்கிப் போடுங்கள். விலை வைக்கும்போது ஒரே அளவுப் படத்துக்கு ஆளுக்கொரு விலை சொல்லாதீர்கள். கேலரிகள் விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வது சாதாரணம், படத்துக்கு ஃபிரேம் போட்ட செலவு தனி. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் காட்சிக்கூடம் இருக்கிறது. ஒரே சரடில் கோத்த இருபது படங்கள் கையில் இருக்கும்போது அங்கே விசாரிக்கலாம், இப்போது வேண்டாம்.

விருப்ப ஓய்வு விண்ணப்பத்தையும் இப்போது கொடுக்க வேண்டாம். பிள்ளை படிப்பை முடித்து ஒரு சம்பளம் வாங்கட்டும். அதற்குள் உங்கள் படங்களும் வெளி ஆட்களிடம் கொஞ்சமாவது விற்றிருந்தால், உங்கள் மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பென்ஷன் ஒரு வரி, ஓவியம் ஒரு வரி, அவருடைய தையல் வருமானம் ஒரு வரி. அவர் வரியை அவரையே எழுதச் சொல்லுங்கள். ஓய்வு வாங்கும் தேதியையும் அவரே சொல்லட்டும்.