சென்னையில் உரிமம் பெற்ற ட்ரோன் ஆபரேட்டரை அமர்த்தும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீங்களும் என்னைப் போல் குடியிருப்போர் சங்கப் பொறுப்பில் அகப்பட்டுக்கொண்டவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டார் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நங்கநல்லூரில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் விரிசல் தெரிந்தது. சாரம் கட்டிப் பார்க்கவே பெரும் தொகை ஆகும் என்றதால், ட்ரோனில் படமெடுக்கலாம் என்று செயலாளராகிய நான்தான் சொன்னேன். கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர் ஒருவர் 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, உரிமம் கேட்டதும் முத்திரையிட்ட தாளொன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் படித்துப் பாராமலேயே கூட்டத்தில் வைத்தேன். விமானப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான சான்று என்று அனைவர் முன்னும் வாசித்துக் காட்டினார்.

நாம் உரிமம் என்று சொல்வதற்கு 2022 முதல் ரிமோட் பைலட் சான்றிதழ் என்று பெயர். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயின்று தேறியவருக்கே அது கிடைக்கும், பத்தாண்டுகள் செல்லும். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு அது தேவையில்லையே என்று இங்கே யாராவது எழுதக்கூடும். உண்மைதான்; அந்த இளைஞரும் அதையே சொன்னார். ஆனால் எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு நானோவுக்கும் உண்டு.

அடுத்து வந்தவர் கூலியைப் பேசுவதற்கு முன்பே இடத்தைக் கேட்டார். வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பறக்கலாம், அதற்கும் உள்ளே என்றால் எவ்வளவு தாழப் பறந்தாலும் அனுமதி வேண்டும் என்று விளக்கி, மீனம்பாக்கத்தை ஒட்டிய எங்கள் வேலையை மறுத்துவிட்டார். 'உரிமம் உள்ளவராலும் முடியாதென்றால் எதற்கு உரிமம் தேடினீர்கள்' என்று ஒரு உறுப்பினர் இன்றும் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார். முடிவில், கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பெயிண்டர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே விரிசலைப் படமெடுத்துக் கொடுத்தார்.

மறுத்த அந்த மனிதரைத்தான் பின்னர் உத்திரமேரூர் பக்கம் என் தம்பியின் நிலத்தைப் படமெடுக்க அமர்த்தினேன். அங்கே வரைபடம் பச்சையாக, அதாவது முன் அனுமதி தேவையில்லாத பகுதியாக இருந்தது. இம்முறை சான்றிதழில் அவர் பறக்கவிடும் ட்ரோனின் வகை குறிக்கப்பட்டிருக்கிறதா, தாளில் உள்ள பதிவு எண்தான் ட்ரோனிலும் இருக்கிறதா, மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. 9,000 ரூபாய்க்குக் கொடுத்த பில்லில், நான் கேட்காமலேயே, அந்தப் பதிவு எண்ணையும் எழுதியிருந்தார்.