சாண்டி டர்ன்புல் ஆடாத ஆட்டத்துக்கு ஏன் தடை?

ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசிவைத்ததற்காகத் தடை பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் வீரர் சாண்டி டர்ன்புல்லின் பெயர் அந்த ஆட்டத்துக்கான உங்கள் அணிப் பட்டியலில் இல்லையே, பட்டியல் தவறா என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலில் பிழையில்லை. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளியன்று மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலை 2-0 என வென்ற ஆட்டத்தில் டர்ன்புல் களமிறங்கவே இல்லை. ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசிவைத்துப் பந்தயம் கட்டிய சதியில் பங்கிருந்ததாகவே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

தடை பெற்றவர்கள் எல்லாரும் அன்று ஆடியிருக்க வேண்டும் என்று கொண்டதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். தடை பெற்ற யுனைடெட் வீரர்களான டர்ன்புல், ஆர்தர் வாலி, ஈனக் வெஸ்ட் ஆகிய மூவரின் பெயர்களையும் அன்றைய பதினொருவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெஸ்ட் மட்டுமே அதில் இருப்பார்.

டர்ன்புல் 1907 ஜனவரி வரை ஆடாமலிருந்த இடைவெளியை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது மான்செஸ்டர் சிட்டியில் விதிமீறிப் பணம் பெற்றதற்கான முந்தைய தடை. கோல் கணக்கிலும் கவனம் தேவை: அதே காலத்தில் ஜிம்மி டர்ன்புல் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரும் யுனைடெட்டில் இருந்தார், 1909 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் இருவருமே ஆடினார்கள் (பிரிஸ்டல் சிட்டிக்கு எதிரான அந்த ஒரே கோல் சாண்டியுடையது).

சாண்டியின் வாழ்நாள் தடை 1919-இல் நீக்கப்பட்டது. அவரோ 1917 மே 3 அன்றே அராஸ் போர்முனையில் இறந்துவிட்டார்.