விளையாட்டுத் துறை ஒப்பந்தங்களை எழுதவும் பேரம் பேசவும் எப்படிக் கற்றுக்கொள்வது?

சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நீங்கள், வீரர் ஒப்பந்தங்களையும் அனுசரணை ஒப்பந்தங்களையும் எழுதவும் அவற்றுக்காகப் பேரம் பேசவும் கற்றுக்கொள்வதற்குக் கல்முனையை விட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன். அதற்கு முன்பு ஒரு சிறிய விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக ஆறு ஆண்டுகள் இருந்தவன். இந்த விடயத்தில் எனக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தச் செயலாளர் பதவியில் பட்டுத் தெளிந்தவை என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கழகம் ஓர் ஆண்டு நவம்பர் மாதத்தில் மின்னொளி மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்தியது. (மாரி தொடங்கும் காலத்தில் மட்டக்களப்பில் சுற்றுப்போட்டி வைத்ததே முதற்பிழை, ஆனால் கழகத்தின் ஆண்டு நிறைவு அந்த மாதத்தில்தான் வந்தது.) நகரத்து வர்த்தகர் ஒருவர் அனுசரணை வழங்க முன்வந்தார். பாதித் தொகை முற்பணம், மீதி ‘சுற்றுப்போட்டி முடிவுற்றதும்’ என்று கடிதம் எழுதியவன் நான்தான். அரையிறுதி வரை ஆடினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமாகி, தண்ணீர் வற்றுவதற்குள் இரண்டு அணிகள் கலைந்துபோய், இறுதிப்போட்டி நடக்கவேயில்லை. அவருடைய பதாகைகள் மூன்று வாரம் தொங்கின. எல்லா ஜேர்சிகளிலும் அவர் கடையின் பெயர் இருந்தது. இருந்தும் மீதித் தொகையைக் கேட்கப் போனபோது, “தம்பி, போட்டி இன்னும் முடியவில்லையே” என்றார். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்; எழுத்தின்படி அவர் சொன்னது சரி. மின்பிறப்பாக்கிக்கும் பந்தலுக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை நிருவாகக் குழுவினர் எங்கள் கைக்காசிலிருந்து கொடுத்தோம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதற்பயிற்சி, கையில் கிடைக்கும் எந்த ஒப்பந்தத்தையும் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கொடுப்பனவும் எந்த நிகழ்வில் பிறக்கிறது, அந்த நிகழ்வு நடக்காமற்போனால் நட்டம் யார் தலையில் விடிகிறது என்று ஓரத்தில் எழுதிப் பார்ப்பது. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பயிற்றுநர் ஒருவரை ‘இந்தப் பருவம் முழுவதற்கும்’ அமர்த்துவதாக எழுதினால், பருவம் ஏப்ரலில் தொடங்குகிறதா மே மாதத்திலா, செப்டெம்பரில் முடிகிறதா ஒக்டோபரிலா என்ற கேள்வி சம்பளக் கேள்வியாகவே மாறிவிடும். அங்கே இரண்டு திகதிகளை எழுதிவிட்டால் விடயம் முடிந்தது.

இரண்டாவது, இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தங்களைப் பற்றியது. அவற்றை வாசியுங்கள், ஆனால் பிரதி பண்ணாதீர்கள். பெரும்பாலானவை ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியவை. இலங்கையின் ஒப்பந்தச் சட்டமோ அடிப்படையில் உரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். இங்கே மெய்யான எண்ணத்துடன் செய்யப்பட்ட நியாயமான காரணமுள்ள உடன்பாடு போதும். வயது குறித்த வாசகமும் அப்படித்தான். 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் இலங்கையில் பராயமடையும் வயது 18. பாடசாலையில் படிக்கும் பதினாறு வயதுப் பந்துவீச்சாளரிடம் மட்டும் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகும் கழகத்திடம் இருப்பது பெரும்பாலும் வெறுந்தாள்தான். பெற்றோரோ பாதுகாவலரோ சேர்ந்து ஒப்பமிட வேண்டும். மாதச் சம்பளம் கொடுத்து, நேரம் குறித்து, கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பயிற்றுநரை ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்று எழுதிவிட்டால் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்கும் கழகங்களும் உண்டு. பெயரை மாற்றினால் உறவு மாறிவிடாது. ஊழியராகக் கருதப்பட்டால் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் அந்த நிதிக்குச் செலுத்த வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும்.

விளையாட்டு ஒப்பந்தத்தை ஏனைய ஒப்பந்தங்களிலிருந்து பிரிப்பது அதன் தலைக்கு மேல் இருக்கும் விதிகள்தான், இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொண்டால், வீரர்களின் தகுதிநிலையும் இடமாற்றமும் பற்றி உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா வகுத்த ஒழுங்குவிதிகளை ஆறுதலாக வாசியுங்கள். எழுத்து மூல ஒப்பந்தமும், விளையாடுவதற்கு ஆகும் செலவை விடக் கூடுதலான ஊதியமும் இருந்தால்தான் ஒருவர் தொழில்முறை வீரர். ஒப்பந்தக் காலம் கூடியது ஐந்து ஆண்டுகள், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுகள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத முடியாது. பரிசோதனையை ஒப்பமிடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால், வீரர் எழுத்து மூலம் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பின்னரும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்துடன் வெளியேறலாம். உங்கள் வரைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதிகளோடு மோதினால் நிலைக்காது. உள்நாட்டில் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம், ஊக்கமருந்துக்கு எதிரான 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம், ஆட்ட நிர்ணயம் போன்ற குற்றங்களுக்கான 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் ஆகிய மூன்றும் மேசையில் இருக்கட்டும்.

வரைவு எழுதக் கற்பதற்கு, பாடநூல்களை விட எனக்கு உதவியவை சுவிட்சர்லாந்தின் லோசானில் 1984 முதல் இயங்கும் விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றத்தின் தீர்ப்புகள். பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். எந்த வாசகத்தில் பிணக்கு மூண்டது என்பதை நடுவர்கள் அப்படியே எடுத்துக்காட்டுவார்கள். 2004 இல் கொக்கெய்ன் பாவனை கண்டறியப்பட்டதால் இங்கிலாந்தின் செல்சி கழகம் விலக்கிய உதைபந்தாட்ட வீரர் அட்ரியன் முட்டு, அந்தக் கழகத்துக்கு 1 கோடி 70 இலட்சம் யூரோவுக்கு மேல் செலுத்த வேண்டியதாயிற்று. ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டை எப்படிக் கணிப்பது என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த வழக்கின் தீர்ப்பை வாசித்துப் பாருங்கள்.

பேரம் பேசுவதற்கு எனக்குப் பிடித்த பாடம் கூடைப்பந்தாட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தை வளர்த்துவிட்ட ஊரில் பிறந்ததால் வந்த பற்றாகவும் இருக்கலாம். 1976 இல் அமெரிக்காவின் ஏபிஏ என்ற கூடைப்பந்துத் தொடரிலிருந்து நான்கு அணிகள் அதன் போட்டித் தொடரான என்பிஏயில் சேர்ந்தபோது, சேர்க்கப்படாத கென்டக்கி அணியின் உரிமையாளர் 30 இலட்சம் டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். அதேபோல் சேர்க்கப்படாத செயின்ட் லூயிஸ் அணியை வைத்திருந்த சில்னா சகோதரர்களோ, அதைவிடக் குறைந்த ரொக்கத்தோடு, அந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானப் பங்கில் ஏழில் ஒன்றை, என்பிஏ நிலைத்திருக்கும் காலம் முழுவதற்கும் கேட்டு வாங்கினார்கள். அன்று அந்த வருமானம் அற்பம். 2014 இல் அவர்களை விலக்குவதற்கு, அதுவரை கொடுத்த சுமார் 30 கோடி டொலருக்கு மேலதிகமாக, 50 கோடி டொலர் முற்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு இன்று அலட்சியமாக விட்டுக்கொடுக்கும் பொருளைக் கவனிக்கும் இந்தக் கண் உங்களுக்கு வர வேண்டும். மறுதரப்பில் நீங்கள் இருந்தால், காலவரையறை இல்லாத எந்த வாசகத்திலும் ஒப்பமிட விடாதீர்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் அப்படி அலட்சியமாக விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் வீரரின் புகைப்படமும் முகநூல் நேரலையும்தான். ஒரு சப்பாத்துக்காக ஒப்பமிட்ட பிள்ளையின் முகம் எத்தனை வருடம் விளம்பரப் பலகையில் இருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பகுதியில் பேரம் பேசுவதற்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. அனுசரணையாளர் பெரும்பாலும் மாமா முறையானவராகவோ, பள்ளிவாசல் அல்லது கோயில் நிருவாகத்தில் கூட இருப்பவராகவோ இருப்பார்; எழுத்தில் கேட்டால் நம்பவில்லை என்று மனம் நோவார். நான் வரைவை மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்குவதில்லை. இருவரும் பேசி ஒத்துக்கொண்டதை அன்றிரவே எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, “நாம் பேசியது இதுதானே?” என்று அனுப்புவேன்; மனத்தாங்கல் வருவதில்லை. ஆங்கில வரைவு அதன் பிறகுதான். வீரரின் தாய்க்குத் தமிழில் வாசித்துக்காட்ட முடியாத வாசகம் எனக்கே விளங்காத வாசகம் என்று கருதி அதைத் திருப்பி எழுதுகிறேன். இரண்டு மொழிப் பிரதிகள் முரண்பட்டால் எது செல்லும் என்பதை மட்டும் மறவாமல் எழுதுங்கள்.

மழைக்கு அடுத்த வருடம் அதே வர்த்தகரிடம் போனேன். மீதித் தொகை டிசம்பர் 20 ஆம் திகதி செலுத்தப்படும் என்றும், மழையினால் இறுதிப்போட்டி நடைபெறாவிட்டால் ஆடி முடிந்த போட்டிகளின் விகிதப்படி செலுத்தப்படும் என்றும் எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தவர், “மைதானம் ஆடமுடியாத நிலையில் இருக்கிறது என்று யார் சொல்வது, நீங்களா?” என்று கேட்டார். அதை நான் எழுதியிருக்கவில்லை. அங்கேயே பேனாவை எடுத்து, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவர் எழுத்தில் தரும் முடிவின்படி என்று சேர்த்தோம். அவர் அதற்குக் கீழே முதலில் ஒப்பமிட்டார்.