காமிக்ஸ் ஃபைல் திறக்கலையா? உடனே காசு கட்டாதீங்க

கேள்வி: ஆன்லைன்ல காசு குடுத்து ஒரு காமிக்ஸ் தொகுப்பு வாங்கினேன். டவுன்லோட் பண்ணா சிபிஆர், சிபிஇசட்னு ரெண்டு வகை ஃபைல் வந்திருக்கு, டபுள் கிளிக் பண்ணா எதுல திறக்கணும்னு கம்ப்யூட்டர் என்னையே கேக்குது. இதுக்குன்னு தனியா சாஃப்ட்வேர் வாங்கணுமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. சிபிஇசட்ங்கிறது சாதாரண ஜிப் ஃபைல்தான், சிபிஆர்ங்கிறது ரார் ஃபைல் (ரெண்டுமே பல ஃபைலை ஒரே ஃபைலா மூட்டை கட்டுற முறை), உள்ள பக்கத்துக்கு ஒரு படம்னு அடுக்கி வச்சிருப்பாங்க, அவ்ளோதான். சந்தேகமா இருந்தா ஒரு சிபிஇசட் ஃபைலை காப்பி எடுத்து, பேரோட கடைசில இருக்குற சிபிஇசட்டை ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, 001, 002னு வரிசையா படம் நிக்கும். (விண்டோஸ்ல அந்த கடைசி எழுத்து மறைஞ்சிருக்கும், ஃபோல்டர்ல வியூ போய் அதை காட்டச் சொல்லணும்.)

படிக்கிறதுக்கு சுமத்ரா பிடிஎஃப் போதும், இலவசம், ரொம்ப சின்னது, ரெண்டு வகையும் திறக்கும், ஆனா விண்டோஸ்க்கு மட்டும்தான். நிறைய புக் சேத்து வைக்கிற ஆளா இருந்தா நான் யாக்ரீடர்தான் சொல்லுவேன், அதுவும் இலவசம், மேக், லினக்ஸ்லயும் ஓடும், ரெண்டு பக்கத்தை சேத்து காட்டும், வலமிருந்து இடமா போற மங்காவுக்கும் (ஜப்பான் காமிக்ஸ்) தனி செட்டிங் இருக்கு. ரெண்டு பக்கம் முழுக்க விரிஞ்சு வர்ற ஒரு பெரிய சண்டைக் காட்சியை பாதி பாதியா பாக்குறது எவ்ளோ கொடுமைன்னு காமிக்ஸ் படிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

சிபிஆர் மட்டும் அடம் பிடிச்சா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிடாதீங்க. 2013ல ரார் ஃபார்மேட்டே மாறிடுச்சு, பழைய ரீடருக்கு அது புரியாது. செவன் ஜிப்ங்கிற சாஃப்ட்வேர்ல பிரிச்சு, படங்களை ஜிப்பா கட்டி, கடைசில சிபிஇசட்னு பேர் வச்சிட்டா முடிஞ்சது. பக்கம் 1க்கு அப்புறம் 10, 11னு தாவுச்சுன்னா படத்தோட பேர்ல முன்னாடி சைபர் சேத்து 001, 002னு ஆக்குங்க.

ஒண்ணு மட்டும் உஷார், காமிக்ஸ்னு வந்த ஃபைல் பேர் இஎக்ஸ்இன்னு முடிஞ்சா திறக்கவே திறக்காதீங்க, அது புக் இல்ல, ப்ரோகிராம். அடுத்த தடவை வாங்கும்போது டிஆர்எம் பூட்டு (வாங்கின ஃபைலை வேற ஆப்ல திறக்க விடாத தடை) இல்லாம ஃபைலை டவுன்லோட் பண்ண விடுறாங்களான்னு முதல்ல பாருங்க. அவங்க ஆப்ல மட்டும்தான் படிக்க முடியும்னா, அந்தக் கடையை மூடுற அன்னைக்கு நீங்க காசு குடுத்த புக் உங்க கையில இருக்காது.