சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, தக்கை: எந்தப் பை நாள்பட உழைக்கும்?

கேள்வி: விலங்குத் தோல் வேண்டாம் என்று முடிவெடுத்து, ‘வீகன் லெதர்’ என்று போட்டிருந்த தோள்பை ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாரும் பையின் வாய்ப்பகுதியும் செதில் செதிலாக உரிகின்றன. இப்போது சப்பாத்திக்கள்ளித் தோல், அன்னாசித் தோல், ஆப்பிள் தோல், தக்கை என்று பல பெயர்களில் பைகள் வருகின்றன. தினமும் மடிக்கணினி தூக்கிப்போக ஒரு பையும் கூடவே ஒரு பர்ஸும் வேண்டும். எதை நம்பி வாங்கலாம்? பழைய பையைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: பழைய பையை முதலில் பார்த்துவிடலாம். உரிய ஆரம்பித்த பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. உங்களுடையது பெரும்பாலும் துணியின் மேல் பாலியூரித்தேன், அதாவது பி.யூ. பூசிய செயற்கைத் தோலாக இருக்கும். காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகின்றன. பள்ளியில் படித்த நீராற்பகுப்புதான் இது. பையைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் நடக்கும். அதனால் சரியாகப் பராமரிக்கவில்லையோ என்று வருந்தாதீர்கள். கொக்கி, வளையம், ஜிப் நன்றாக இருந்தால் கழற்றி வையுங்கள், வேறு பைக்கு ஆகும்.

இனி புதிய பை. கடையில் செடியின் பெயரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அடியில் என்ன துணி, மேலே என்ன பூச்சு என்று. பை எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்த இரண்டும்தான் பெரும்பாலும் முடிவுசெய்கின்றன.

சப்பாத்திக்கள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் உருவாகி, டெஸர்ட்டோ என்ற பெயரில் 2019இல் அறிமுகமானது. முற்றிய மடல்களை மட்டும் அறுத்தெடுப்பதால் செடி சாகாமல் மறுபடி துளிர்க்கிறது; தண்ணீரும் அதிகம் கேட்காது. இதெல்லாம் பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அந்த மடலை உலர்த்திப் பொடித்து பி.யூ.வோடு கலந்துதான் துணிமேல் பரப்புகிறார்கள். பழச்சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையில் செய்வதும் ஏறக்குறைய இதே முறைதான். ஆக, உங்கள் பழைய பைக்கு வந்த வியாதி இவற்றுக்கும் வரலாம். பெட்ரோலியப் பொருள் குறைகிறது என்பது உண்மையான லாபம். பிளாஸ்டிக்கே இல்லை, மண்ணில் மக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பி.யூ.விலும் தரம் உண்டு. பாலியெஸ்டர் வகை சீக்கிரம் உரியும், பாலிகார்பனேட் வகை ஈரத்தை நெடுநாள் தாங்கும். 70 டிகிரி செல்சியஸ், 95 சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் நீராற்பகுப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் எத்தனை வாரம் தாங்கியது என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பொருள்மேல் நம்பிக்கை உள்ளவர்கள் எண்ணைச் சொல்வார்கள்.

அன்னாசி கொஞ்சம் வேறு ரகம். தோல் துறையில் வேலை பார்த்த கார்மென் இஹோசா, பிலிப்பைன்ஸில் அன்னாசி இலை நாரைப் பார்த்து உருவாக்கியது பின்யாடெக்ஸ். பழம் பறித்த பிறகு தோட்டத்தில் வீணாகும் இலைகளிலிருந்து நார் உரித்து, சோளத்திலிருந்து எடுக்கும் ஒருவகை பிளாஸ்டிக் இழையோடு சேர்த்துக் கம்பளம்போல அழுத்துகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 480 இலை ஆகும். இங்கே செடி வெறும் கலப்புப் பொடியாக இல்லாமல் உடம்பாகவே இருக்கிறது, எனக்கு இது பிடிக்கும். மேற்பரப்பில் பிசின் பூச்சு இதிலும் உண்டு. அதிகம் உரசும் இடங்களில் தேயும் என்பதால் தினப் பாரத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

காளான் இழைத் தோலைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. ஆனால் அதில் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட மைலோ என்ற பொருளின் தயாரிப்பே 2023இல் நிறுத்தப்பட்டது. இப்போதைக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

விலங்குத் தோலில் கொலாஜன் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. கிழியாமலும் மடிப்பில் வெடிக்காமலும் இருக்க அதுதான் காரணம். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரிலுள்ள எஃப்.ஐ.எல்.கே. ஆய்வு நிறுவனம் இந்த மாற்றுப் பொருட்களைத் தோலோடு ஒப்பிட்டு 2021இல் முடிவுகளை வெளியிட்டது. எல்லாப் பண்பிலும் தோலுக்கு ஈடாக எதுவும் இல்லை என்று தெரிந்தது. அதற்காகத் தோலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. வேலைக்கு ஏற்ற பொருளாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மடிக்கணினிப் பைக்கு என் சிபாரிசு, மெழுகு ஏற்றிய கனத்த பருத்திக் கித்தான். பார்வைக்குத் தோல்போல இருக்காது, சரிதான். ஆனால் உரிவதற்கு அதில் பூச்சுப் படலம் கிடையாது. மெழுகு போனால் திரும்பத் தடவலாம், கிழிந்தால் தைக்கலாம். வார் கெட்டியான பருத்தி நாடாவாக இருக்கட்டும். கள்ளித் தோலின் அழகு வேண்டுமென்றால் முன்பக்க மூடியில் மட்டும் வைத்த பையாகப் பாருங்கள். இழுபடும் இடத்தில் அது வேண்டாம்.

பர்ஸுக்குத் தக்கை. போர்ச்சுகலில் தக்கை ஓக் மரத்தை வெட்டாமல் அதன் பட்டையை மட்டும் 9 ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். அதை மெல்லிய தாளாகச் சீவித் துணியில் ஒட்டுகிறார்கள். எடை இல்லை, தண்ணீர் பட்டாலும் ஊறாது. பலவீனம் விளிம்பில்தான். வெட்டிய ஓரம் அப்படியே தெரிந்தால் பொடிப்பொடியாக உதிரும். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்ததை வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒன்று செய்யுங்கள். வார் வளையத்துக்குள் நுழையும் இடத்தை இரண்டு விரலால் இறுக்கி மடித்து விடுங்கள். வெள்ளைக் கோடு விழுந்து மறையாமல் நின்றால் பூச்சு விறைப்பானது, அங்கேதான் முதலில் வெடிக்கும். அப்புறம் பையின் உள்ளே வெட்டிய ஓரம் எங்காவது தெரியும். நகத்தால் லேசாக நெம்பினால் மேல்படலம் தனியாக எழும்புகிறதா என்று பாருங்கள்.

பூச்சுள்ள பையில் வியர்வை பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். கைச் சுத்திகரிப்பு திரவம் படவிடாதீர்கள், ஆல்கஹால் பூச்சைக் கெடுக்கும். தோலுக்கான எண்ணெயும் பாலிஷும் வேண்டாம். எடுத்து வைக்கும்போது பாலித்தீன் உறைக்குப் பதில் துணிப்பை. உள்ளே திணிக்க அச்சடிக்காத வெள்ளைத் தாள். செய்தித்தாளின் மை பூச்சில் ஏறினால் போகாது.