கூட்டு ஒப்பந்தச் செய்தியை நம்பி பேட்டரி நிறுவனப் பங்கை மேலும் வாங்கலாமா?

கேள்வி: பேட்டரி செல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பங்குகளைச் சிறிதளவு வைத்திருக்கிறேன். பெரிய கார் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து மின்வாகன பேட்டரி ஆலை அமைக்கப்போவதாக அது அறிவித்ததும் பங்கு விலை ஏறியது. மகளின் படிப்புக்காக மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் வைப்புநிதிப் பணத்தை எடுத்து மேலும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த நிறுவனம் மோசமானது என்பதால் அல்ல. பேட்டரி ஆலையின் கால அளவு உங்கள் தேவையோடு பொருந்தாது என்பதால் சொல்கிறேன். கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸும் பேட்டரி தயாரிப்பாளரான எல்ஜி கெமும் கூட்டு நிறுவனம் தொடங்குவதாக 2019 டிசம்பரில் அறிவித்தன. ஒஹாயோவில் அமைந்த அதன் முதல் ஆலையில் செல் உற்பத்தி தொடங்கியதோ 2022 ஆகஸ்டில்தான். அதாவது, உங்கள் மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி கட்டுமானத்திலேயே கழிந்துவிடக்கூடும்.

அடுத்து, அறிவிப்பு எத்தகையது என்று பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் பொதுவாக எவரையும் கட்டுப்படுத்தாது. கொள்முதல் ஒப்பந்தமாகவே இருந்தாலும், கார் விற்பனை சரிந்தால் குறைந்தபட்ச அளவுக்காவது கார் நிறுவனம் பணம் செலுத்த வேண்டுமா, லித்தியம், நிக்கல் விலை ஏறினால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பவற்றைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். சுவீடனின் நார்த்வோல்ட் என்ற பேட்டரி நிறுவனத்தில் வோக்ஸ்வேகன் பெரும் பங்குதாரராக இருந்தது. பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ மதிப்புள்ள ஆர்டர் கொடுத்திருந்தது. செல்கள் உரிய காலத்தில் வராததால் 2024-இல் பிஎம்டபிள்யூ அந்த ஆர்டரை ரத்துசெய்தது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் சுவீடனில் திவால் மனு தாக்கல் செய்தது. பெரிய பெயர்கள் உடன் நிற்பதையே பாதுகாப்பு என்று கொள்ளும் முதலீட்டாளர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பலரும் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே போல்ட் மின்கார்களில் தீ விபத்துகள் நேர்ந்தபோது, எல்ஜி தயாரித்த பேட்டரியின் ஒரே செல்லில் நேர்மின்வாய், எதிர்மின்வாய்களில் ஒன்றின் இணைப்புத் தகடு கிழிந்தும் அந்த மின்வாய்களைப் பிரிக்கும் தாள் மடிந்தும் இருந்ததே காரணம் எனத் தெரியவந்தது. கார்களைத் திரும்பப் பெற ஏறத்தாழ 200 கோடி டாலர் ஆகும் என ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கிட்டது. அதில் 190 கோடி டாலர் வரை ஈடுசெய்ய எல்ஜி தரப்பு 2021 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. காரின் மீது இருப்பது ஒருவர் பெயர், கணக்கில் ஏறும் இழப்போ மற்றவருடையது!

கையிலுள்ள பங்குகளை விற்க வேண்டிய அவசரம் இல்லை, அவை உங்கள் மொத்த முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாதவரை. ஆண்டறிக்கையில் பழுதான பொருளுக்கு ஈடுசெய்யும் உத்தரவாதச் செலவுக்கான ஒதுக்கீடு, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் வருவாயின் பங்கு, கூட்டு நிறுவனத்தின் கடனுக்குத் தாய் நிறுவனம் கொடுத்துள்ள உத்தரவாதம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பில் தெரியாது. எதிர்பாராப் பொறுப்புகள் (contingent liabilities) என்ற தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்தில் இருக்கும்.