சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால்...

கேள்வி: கனகபுரா பக்கம் தோட்டம். டீசல் பிக்கப்பில் உர மூட்டை ஏற்றிப் போனால், மழைக்காலத்தில் பின்சக்கரம் ஒன்று மட்டும் சும்மா சுற்றுகிறது. பின் டிஃபரென்ஷியலுக்கு எந்த லாக்கர் நல்லது சார்? – அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். லாக்கர் அதைப் பூட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும். ஸ்விட்ச் போட்டால் பூட்டும் வகையை வாங்குங்கள். தானாகவே பூட்டும் டெட்ராய்ட் லாக்கர் முரட்டுச் சாமான்தான். வயர், கம்ப்ரசர் எதுவும் வேண்டாம். ஆனால் நேர்ச்சாலையில் பூட்டியே ஓடும். திருப்பத்தில் வெளிச்சக்கரத்தை விடுவிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். காலி வண்டியோடு மழையில் சில்க் போர்டு சந்திப்பில் திரும்பினால் பின்பக்கம் வழுக்கும். வாரமெல்லாம் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது எதற்கு?

ஸ்விட்ச் வகையில் ஏ.ஆர்.பி. கம்பெனி லாக்கர் காற்றில் இயங்குவது. கம்ப்ரசரிலிருந்து ஆக்சிலுக்கு மெல்லிய குழாய் போகும். அது சைலன்சர் பக்கம் உரசினால் உருகிக் காற்று கசியும், லாக் விழாது. ஈட்டன் ஈ-லாக்கருக்கு ஒரு வயர் போதும், மின்காந்தம் பூட்டிவிடும். டயருக்கும் காற்றடிக்க கம்ப்ரசர் வேண்டுமென்றால் ஏ.ஆர்.பி., இல்லையென்றால் ஈட்டன். என் ஓட்டு இரண்டாவதற்கு.

ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விலை கேட்கும் முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (முனையில் உள்ள வரிப்பல்) எண்ணிக்கையும், கிரவுன்-பினியன் (டிஃபரென்ஷியலைச் சுற்றும் பல்சக்கர ஜோடி) விகிதமும் தெரிந்திருக்க வேண்டும். பொருந்தாததை லேத்தில் கடைந்து மாட்ட விடாதீர்கள். டிஃபரென்ஷியலையே வெல்டிங் வைத்துவிடலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

அப்புறம், சக்கரம் வேகமாகச் சுற்றும்போது ஸ்விட்சைத் தொடாதீர்கள். நின்று, பூட்டி, மெதுவாக ஏறுங்கள். தார் ரோடு வந்ததும் அணைத்துவிடுங்கள். டயர் மொட்டையாக இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.